பத்தொன்பது தூசியை லேசரால் சுழற்றுவது எப்படி

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறைக்குள் காலையில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள், தகர ஓட்டை வழியாக இறங்கும் வெயிலில் கல்தூசி மிதந்து ஆடும். அந்தத் தூசி யார் சொன்னாலும் கேட்காது. பிளாஸ்மாவில், அதாவது எலக்ட்ரானும் அயனியுமாகப் பிரிந்து கிடக்கும் வாயுவில், மிதக்கிற தூசி ஓரளவு கேட்கும், லேசரை மெதுவாக நீட்டினால்.

முதலில் வெற்றிடக் கலத்தை பம்ப் போட்டுக் காலி செய்துவிட்டு ஆர்கானை சில பாஸ்கல் அழுத்தத்துக்கு விடுங்கள், அதைப் பிளாஸ்மாவாக்க 13.56 மெகாஹெர்ட்ஸ் ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை மின்சாரம்) சில வாட் போதும். கீழ் மின்முனையின் நடுவில் ஆழமில்லாத ஒரு குழி வேண்டும். எங்களுக்கு அதை ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து கொடுத்தார்கள், "இவ்வளவு லேசான குழி எதுக்கு சார், சட்னிகூட நிக்காதே" என்றார் கடைந்தவர். நிற்க வேண்டியது நம் தூசி, மெலமைன் ஃபார்மால்டிஹைடு என்கிற பிளாஸ்டிக்கில் செய்த 10 மைக்ரான் உருண்டைகள். பிளாஸ்மாவில் எலக்ட்ரான்கள் அயனிகளைவிட வேகமாக ஓடுவதால் ஒவ்வொரு உருண்டையும் ஆயிரக்கணக்கில் எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு எதிர் மின்னூட்டம் ஏறி நிற்கும். மின்முனையின் மின்புலம் அதை மேலே தாங்கும், குழி பக்கவாட்டில் சிதற விடாமல் நடுவுக்குத் தள்ளும், ஒன்றையொன்று விலக்குவதால் தானாகவே வரிசை கட்டிவிடும். 1994இல் ஜெர்மனி, தைவான், ஜப்பான் மூன்று இடத்திலும் இந்த வரிசையைப் படிகமாகவே பார்த்தார்கள்.

உருண்டைகளை உப்பு தூவுகிற மாதிரி மேலிருந்து தட்டி விடுங்கள். கட்டாயம் கூடுதலாக விழும், கவலை வேண்டாம், ஆர்எஃப் பவரை ஒரு நொடி குறைத்தால் சில கீழே போய்விடும். வெளிச்சத்துக்குச் சிவப்பு லேசரை உருளை லென்ஸ் வழியாகத் தகடுபோல் விரித்துவிட்டு, மேலே கேமரா வையுங்கள். தள்ளுவதற்குப் பச்சை, 532 நானோமீட்டர். கேமரா முன்னால் பச்சையை மறைக்கும் ஃபில்டர் இல்லாவிட்டால் படம் வெளுத்துப் போகும். லேசர் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த அறைக்குள் யாரும் வரக்கூடாது, எட்டிப் பார்க்க வரும் நண்பரும்தான்.

இனி எண்ணுங்கள். என்னைக் கேட்டால் லேசரைவிட இதுதான் முக்கியமான வேலை. 19 இருந்தால் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு. ஆறும் பன்னிரண்டும் பல்சக்கரம்போல் பொருந்திக்கொள்வதால் வெளி வளையத்தைத் தள்ளினால் மொத்தமும் ஒரே தட்டாகச் சுற்றும். ஒன்று கூடி 20 ஆனால் உள்ளே ஏழாகிவிடும், ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் பொருத்தமே கிடையாது, கும்மியில் உள்வட்டமும் வெளிவட்டமும் தனித்தனித் தாளத்தில் போவதுபோல வளையங்கள் வழுக்கும்.

ஒரே கதிரால் தள்ளாதீர்கள், கூட்டமே ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். இரண்டு கதிர்கள், எதிரெதிர்த் திசையில், வெளி வளையத்தின் இரண்டு ஓரங்களையும் உரசிப் போக வேண்டும். அப்போதுதான் தள்ளல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுழற்சி மட்டும் மிஞ்சும். பவர் எவ்வளவு? 1 வாட்டை அரை மில்லிமீட்டர் புள்ளியில் குவித்தால் ஒரு உருண்டை மேல் விழும் விசை சுமார் 1.3 பிகோ நியூட்டன், உருண்டையின் எடையே 8 பிகோ நியூட்டன்தான். எடையில் ஆறில் ஒரு பங்கு! அதனால் 50 மில்லிவாட்டில் தொடங்கி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அசையவே இல்லையென்றால் வாயு அழுத்தத்தையும் பாருங்கள், அழுத்தம் கூடினால் ஆர்கானே பிரேக் பிடிக்கும்.

எனக்கு ஒரு முறை 19 உருண்டை இருந்தும் ஒன்று மட்டும் துள்ளிக்கொண்டே இருந்தது. லேசரைத் திருப்பிவிடும் கண்ணாடிகளைத் திருகித் திருகி இரண்டு நாள் போயிற்று. அப்புறம்தான் பக்கவாட்டில் ஒரு கேமரா வைத்தேன், துள்ளிய உருண்டைக்கு நேர் கீழே, வெளிச்சத் தகட்டுக்கு வெளியே, இருபதாவது ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கீழ்நோக்கி ஓடும் நேர் அயனிகள் மேல் உருண்டைக்கு நேர் கீழே குவிவதால் கீழே உள்ளது அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பவரைக் குறைத்து அதை விழவைத்தேன், அடுத்த நிமிடமே தட்டு சுற்ற ஆரம்பித்தது.