உங்கள் வீட்டு லிப்பிட் ரிப்போர்ட்டில் மரபணுவைத் தேடுவது எப்படி?

மரபணு டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் சென்னையில் இப்போது நிறைய. எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால் எடை கூடும் வாகா, கொழுப்பு ஏறும் வாகா என்று அறிக்கை வந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பல குடும்பங்களுக்கு அந்த அறிக்கையைவிட இதுதான் அதிகம் சொல்லும் என்பது என் உறுதியான கருத்து. தேவையானவை: பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் (ரத்தக் கொழுப்பைக் காட்டும் லிப்பிட் ரிப்போர்ட் முக்கியம்), இஞ்ச் டேப், ஒரு பெரிய வெள்ளைத் தாள், சொந்தக்காரர்களிடம் போன் போட்டுப் பேசும் பொறுமை.

முதல் படி: எடையையும் ரத்தக் கொழுப்பையும் தனித்தனியாகப் பிரியுங்கள்

குண்டாக இருப்பவருக்குத்தான் கொழுப்பு, ஒல்லியானவருக்குக் கவலையில்லை என்ற நினைப்பை முதலில் விடுங்கள். இரண்டிலும் மரபணு வேலை செய்கிறது, ஆனால் வேறு வேறு விதமாக.

எடையைப் பொறுத்தவரை நூற்றுக்கணக்கான மரபணு மாறுபாடுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. அதில் பெயர் பெற்றது எஃப்டிஓ என்ற மரபணுவில் உள்ள மாறுபாடு. 2007-ல் பிரிட்டனில் இருந்து வெளிவந்த ஆய்வில், அந்த மாறுபாட்டைத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி பெற்றவர்கள் ஒன்றும் பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். அவ்வளவுதான். 20 கிலோ ஏறியதற்கு எஃப்டிஓ-வை மட்டும் காரணம் காட்ட முடியாது.

எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பின் கதை வேறு. பெரும்பாலானவர்களுக்கு அங்கேயும் பல மரபணுக்கள் சேர்ந்துதான் வேலை செய்கின்றன, ஆனால் சில குடும்பங்களில் ஒரே ஒரு மரபணு பழுதானாலே அளவு இரட்டிப்பாகிவிடும். கல்லீரல் செல்களின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி இருக்கிறது, அது குறைந்தால் கொழுப்பு ரத்தத்திலேயே தங்கிவிடும். இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பரம்பரைக் கொழுப்பு நோய் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, ஒல்லியாக, தினமும் நடப்பவராக இருந்தாலும் விடாது.

இரண்டாம் படி: அளந்து எழுதுங்கள்

கிலோவை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவுக்கு எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. மூச்சை விட்ட நிலையில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பை வையுங்கள்.

மூன்றாம் படி: ரிப்போர்ட்டைப் படியுங்கள்

எல்டிஎல் தனியாக இல்லையென்றால் நீங்களே கணக்குப் போடலாம்: மொத்தக் கொலஸ்ட்ராலில் இருந்து எச்டிஎல் என்கிற நல்ல கொழுப்பையும், ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழியுங்கள். மொத்தம் 262, எச்டிஎல் 42, ட்ரைகிளிசரைடு 150 என்றால் 262-ல் 42-உம் 30-உம் போக 190. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை ஆரம்பித்த பிறகு எடுத்த ரிப்போர்ட் இதற்கு உதவாது, அது எல்டிஎல்லை இறக்கிவிட்டிருக்கும். அதற்கு முந்தையதைத் தேடுங்கள். பீரோவில், மாஸ்டர் செக்கப் ஃபைலில், எங்காவது இருக்கும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எல்டிஎல் ஏறும், அதையும் பாருங்கள்.

நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது ட்ரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் குறைவு, எல்டிஎல் சுமார் என்ற வகை. இதிலும் ஏபிஓஏ5 போன்ற மரபணுக்களுக்குப் பங்கு உண்டு, ஆனாலும் தொப்பை, சாதத்தின் அளவு, இனிப்பு, சர்க்கரை நோய் எல்லாம் சேர்ந்துதான் ஏற்றுகின்றன, அதனால் மாற்ற இடம் அதிகம். எல்டிஎல் மட்டும் 190-ஐத் தொட்டு மற்றவை சாதாரணமாக இருந்தால் அது பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்கலாம், அடுத்த படியைக் கவனமாகச் செய்யுங்கள்.

நான்காம் படி: குடும்ப மரம்

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை. ஒவ்வொருவருக்கும் எல்டிஎல், மாரடைப்பு வந்திருந்தால் எந்த வயதில் என்று எழுதுங்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் கேளுங்கள். பெரியப்பாவும் அத்தையும் சொல்வது அப்பாவுக்கே தெரியாமல் இருக்கும். ‘திடீரென்று போய்விட்டார்’ என்று சொன்னால் வயதைக் கேட்காமல் விடாதீர்கள். ஆணுக்கு 55-க்கு முன்னால், பெண்ணுக்கு 60-க்கு முன்னால் மாரடைப்பு வந்திருந்தால் தனியாக அடையாளம் போட்டு வையுங்கள். குதிகாலுக்கு மேலுள்ள தசைநார் தடித்திருக்கிறதா, விரல் முட்டியில் கட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள், இவை பரம்பரைக் கொழுப்பு நோயின் அடையாளங்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் நடந்திருந்தால் அந்தத் தம்பதிக்கு நடுவே இரட்டைக் கோடு போடுங்கள், நம் குடும்பங்களில் இது ரொம்ப முக்கியம். மாமன் மகளைக் கட்டிய வீட்டில் கணவன், மனைவி இருவருக்குமே அதே பழுதான மரபணு இருக்க வாய்ப்பு கூடுகிறது, அப்படி இருந்தால் நாலில் ஒரு வாய்ப்பில் குழந்தைக்கு இரண்டு பிரதியும் போய்ச் சேரும். அந்தக் குழந்தைக்கு எல்டிஎல் 400-ஐத் தாண்டுவதும், சின்ன வயதிலேயே இதயம் பாதிக்கப்படுவதும் நடக்கிறது.

ஐந்தாம் படி: கையில் ஏற்கெனவே மரபணு அறிக்கை இருந்தால்

அதில் ஆர்எஸ் 9939609 மாதிரி ஓர் எண் இருக்கும், அதுதான் எஃப்டிஓ மாறுபாடு. என்செம்பிள் என்ற இலவச இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். எந்தெந்த மக்களிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற அட்டவணை வரும். எஸ்டியூ என்ற வரிசை பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களுடையது, நமக்கு நெருக்கமான தகவல் அதுதான். ஐரோப்பியர்களிடம் எடை கூட்டும் வடிவம் 100-க்குச் சுமார் 40, தெற்காசியர்களிடம் 30 அளவில். அதாவது அறிக்கையில் அது வந்திருந்தால் அரிதான எதுவும் உங்களிடம் இல்லை, பக்கத்து வீட்டிலும் இருக்கும்.

மொத்த ஆபத்து மதிப்பெண் என்று ஓர் எண் கொடுத்திருந்தால் அதை இறுதியாக எடுக்காதீர்கள், அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களை வைத்து உருவானவை, நம்மிடம் துல்லியம் குறைகிறது. சென்னை மக்களை வைத்தே கோபாலபுரத்தில் உள்ள மெட்ராஸ் டயாபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் எஃப்டிஓ-வை ஆராய்ந்திருக்கிறது. மாவுச்சத்து அதிகம் சாப்பிடுபவர்களிடமும் உடல் அசைவு குறைந்தவர்களிடமும் எடையுடன் அதன் தொடர்பு வலுவாகத் தெரிந்தது. மாத்த முடியாதது மரபணு, தட்டிலுள்ள சாதமும் சாயங்கால நடையும் அப்படியல்ல.

ஆறாம் படி: டாக்டரிடம் எடுத்துப் போங்கள்

தாளையும் பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்துக் காட்டுங்கள். லிப்போபுரோட்டீன் ஏ என்ற, எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளை அளக்கும் டெஸ்டைக் கேளுங்கள், அதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிப்பதால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பொதுவாகப் போதும். பரம்பரை நோய் என்ற சந்தேகம் வந்தால் எல்டிஎல்ஆர், ஏபிஓபி, பிசிஎஸ்கே9 என்ற மூன்று மரபணுக்களையும் பார்க்கும் மரபணுப் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார். உங்களுக்கு உறுதியானால், அதே வாரத்தில் அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லோருக்கும் சாதாரண லிப்பிட் ப்ரொஃபைல் எடுக்கச் சொல்லுங்கள். கல்யாண வயதில் இருப்பவர்களை இதில் விட்டுவிடாதீர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் அல்லது திட்டமிடுபவர்கள் ஸ்டாடினைத் தொடரலாமா என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசியாக வேண்டும்.