எஸ் ஒட்டாத சொற்கள்: ஸ்பானிஷ்காரர்கள் ஆங்கிலத்தில் வழுக்கும் இடங்கள்

ஸ்பெயினிலோ கொலம்பியாவிலோ ஒருவர் ஆங்கிலத்தில் பயோடேட்டா எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தனக்குக் கணினி தெரியும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஐ ஹேவ் நாலெட்ஜஸ் ஆஃப் கம்ப்யூட்டர்ஸ்’ என்று எழுதிவிடுவார். ‘நாலெட்ஜ்’ எஸ் ஏற்காது என்று வகுப்பில் படித்தவர்தான். ஆனால் அவர் மொழியில் இந்த இடத்தில் வருவது ‘கொனோசிமியெந்தோஸ்’ என்ற பன்மை. ஒருமையில் எழுதினால்தான் அவர் காதுக்கு உறுத்தும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘எ குட் நாலெட்ஜ் ஆஃப் இங்கிலீஷ்’ என்று ‘எ’ சேர்த்து எழுதுவது சரியான ஆங்கிலமே. ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாத சொல்லுக்கு முன்னால் ‘எ’ வராது என்று மனப்பாடம் செய்தவரை இது குழப்பிவிடும்.

இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், ரிசர்ச் எல்லாம் இதே கதைதான். ஸ்பானிஷில் ‘கொன்செஹோ’ என்றால் ஓர் அறிவுரை, ‘கொன்செஹோஸ்’ என்றால் பல. ‘முவேப்லே’ என்பது ஒரு மேசையாகவோ அலமாரியாகவோ இருக்கலாம். எஸ் சேர்த்தால் பன்மை. அதனால்தான் ‘அட்வைசஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று வருகிறது. நாம் சிரிக்க வேண்டாம். ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்ற பலகை நம் ஊர்க் கடைத்தெருவிலும் தொங்குகிறது. தகவல்கள், அறிவுரைகள் என்று நாமும் எண்ணித்தானே பழகியிருக்கிறோம்?

‘நியூஸ்’ இன்னும் மோசம். கடைசியில் எஸ் இருக்கிறது, ஆனாலும் ஒருமை. ஸ்பானிஷில் ‘நொதீசியாஸ்’ பன்மை என்பதால் ‘தி நியூஸ் ஆர் பேட்’ என்று வந்துவிடும். ‘இஸ்’ என்பதே சரி. ‘எ நியூஸ்’ என்பதும் தவறு.

அப்புறம், தலைகீழாகப் போகும் சொற்களும் உண்டு. ‘ஹெந்தே’ என்றால் மக்கள். ஸ்பானிஷில் அது ஒருமை. ஆகவே ‘பீப்பிள் இஸ் நைஸ்’ என்பார்கள். ஆங்கிலத்தில் ‘ஆர்’ வர வேண்டும். உடைகளைக் குறிக்கும் ‘ரோபா’வும் ஒருமைதான், அதனால் ‘க்ளோத்ஸ்’ பக்கத்திலும் ‘இஸ்’ வந்து உட்கார்ந்துகொள்ளும். மக்கள் விஷயத்தில் தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ‘மக்கள்’ நமக்கும் பன்மை.

என்னைக் கேட்டால், ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்பதை மன்னித்துவிடலாம், சொல்ல வந்தது புரிந்துவிடும். பொருளே மாறும் இடங்களில்தான் கவனம் வேண்டும். ‘த்ரபாஹோ’ என்ற ஒரே சொல்லை வைத்து வேலை என்பதையும் ஒரு குறிப்பிட்ட வேலையையும் சொல்லிவிடலாம். அதே பழக்கத்தில் ‘எ வொர்க்’ தேடுகிறேன் என்றால், ஓவியம், நூல் போன்ற ஒரு படைப்பைத் தேடுவதுபோல ஆகிவிடும். ‘எ ஜாப்’ என்க, அல்லது ‘எ’ இல்லாமல் ‘வொர்க்’ என்க. ‘எ ட்ராவல்’ வேண்டாம், ‘எ ட்ரிப்’ போதும். காலையில் ‘டூ டோஸ்ட்ஸ்’ என்றால் கோப்பையை உயர்த்தி இருமுறை வாழ்த்துச் சொன்னதாகவும் தொனிக்கும். ரொட்டிக்கு ‘டூ ஸ்லைசஸ் ஆஃப் டோஸ்ட்’.

திருத்தப் போய் இன்னொரு தவறும் நடக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் ‘எ பீஸ் ஆஃப்’ ஒட்டப் பழக்குகிறார்கள். தவறில்லை, ஆனால் வாய்க்கு வாய் அப்படிச் சொன்னால் புத்தகம் பேசுவதுபோல் இருக்கும். அறிவுரை கேட்க ‘சம் அட்வைஸ்’ போதும். ஒன்று என்று அழுத்திச் சொல்லத் தேவைப்படும்போது ‘பீஸ்’ வரட்டும்.

தண்ணீர், அரிசி, பணம், பயண மூட்டை என்று நீளும் பட்டியலை ஸ்பானிஷ்காரர் உருப்போட வேண்டியதே இல்லை. ஆகுவா, அர்ரோஸ், தினேரோ, எகிபாஹே எல்லாம் அவர் மொழியிலும் பெரும்பாலும் ஆங்கிலம்போலவே நடக்கின்றன. அந்த நேரத்தை ‘ஸ்பகெட்டி’க்குக் கொடுக்கலாம். இத்தாலிய மொழியில் அது பன்மை, ஸ்பானிஷில் ‘எஸ்பகேத்திஸ்’ என்று அதுவும் பன்மை. ஆங்கிலத்தில் மட்டும் ‘தி ஸ்பகெட்டி இஸ் ரெடி’. சாப்பிட்ட பிறகு ‘டூ காஃபீஸ், ப்ளீஸ்’ என்று கேட்கலாம். காபி எண்ண முடியாத சொல்தானே என்று யாராவது திருத்த வந்தால் பொருட்படுத்த வேண்டாம், கடையில் அப்படித்தான் கேட்பார்கள்.