காட்டுக்குக் கத்தி வாங்கும் முன்: பலரும் செய்யும் தவறுகள்

மலையேற ஆசை வந்ததும் பலர் முதலில் வாங்குவது கத்தியைத்தான். எந்த மலை, எந்த மாதம், யாரோடு போகிறோம் என்ற யோசனை அப்புறம்தான் வருகிறது. முதல் தவறு இந்த வரிசையிலேயே இருக்கிறது, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறக்கின்றன. பனி விழும் வடநாட்டுப் பைன் காட்டுக்காக யாரோ சொன்ன பட்டியலை வைத்துப் பையை நிரப்பிக்கொண்டு வால்பாறை மழைக்காட்டுக்குள் போனால், பை கனக்கும், ஆனால் தேவையான பொருள் அதில் இருக்காது. நான் இங்கே சொல்வதெல்லாம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையை மனதில் வைத்துத்தான்: ஆனைமலை, பழனிமலை, நீலகிரி, தேனிப் பக்கத்து மலைகள், பொதிகை.

கத்தி கொண்டுபோகலாமா என்று கேட்காமலே போவது

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதற்குத் தந்திருக்கும் விளக்கத்தில் துப்பாக்கி, வில், அம்பு, வலை, கண்ணியோடு கத்தியும் இருக்கிறது. அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு, எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. முதுமலை, ஆனைமலை, களக்காடு முண்டந்துறை போன்ற காடுகளில் பாதை மாறிப் போவதே குற்றம். அங்கே இடுப்பில் ஒரு கத்தியும் தொங்கினால், ‘பழம் நறுக்க வைத்திருந்தேன்’ என்ற விளக்கம் எடுபடாது.

ஆகவே வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்கும்போதே கத்தியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். வனத்துறை 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். அந்த மாதிரி நடைக்கு உங்களுக்குக் கத்தி தேவையே இல்லை. தனியார் எஸ்டேட், மலையடிவாரத் தோட்டம், அனுமதி பெற்ற முகாம் போன்ற இடங்களில்தான் நம் மாதிரி ஆட்களுக்குக் கத்தியால் வேலை.

அளவிலும் கவனம் வேண்டும். வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ செய்யப்படாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை ஆயுத விதிகள் தனிப் பட்டியலில் வைத்திருக்கின்றன. விமானத்தில் போகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்கவே கூடாது, சரக்குப் பையில்தான் வைக்க வேண்டும்.

மிரட்டும் கத்தியை வாங்குவது

கடையில் கண்ணை இழுப்பது பெரிய கத்திதான். முதுகில் ரம்பப் பல், கைப்பிடிக்குள் வெற்றிடம், அதற்குள் தூண்டில் முள்ளும் தீக்குச்சியும், மூடியில் ஒரு திசைகாட்டி. தயவுசெய்து இதை வாங்காதீர்கள். பிடியை உள்ளே குடைந்திருப்பதால் அலகின் இரும்பு பிடிக்குள் ஓர் அங்குலமோ அதற்கும் குறைவாகவோதான் போகும். கொஞ்சம் அழுத்தி வேலை செய்தால் அந்த இடத்தில்தான் ஆடத் தொடங்கும், பிறகு ஒருநாள் அலகு தனியாக வந்துவிடும். ரம்பப் பல்லும் மரம் அறுக்காது, சிக்கிக்கொண்டு நிற்கும். கத்தியின் முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டிய வேலைகளுக்கு அது இடைஞ்சல் வேறு.

இரண்டு பக்கமும் கூர் உள்ள குத்துவாள் வகையும் வேண்டாம். அதற்கு முதுகே கிடையாது என்பதால் விரலை எங்கே வைத்தாலும் வெட்டும்.

காட்டில் கத்தி உண்மையில் செய்யும் வேலை என்ன? கயிறு அறுப்பது, காய்கறி நறுக்குவது, குச்சியைச் சீவிக் கூடார முளை செய்வது, காயம் கட்டும் துணியை வெட்டுவது, ஈரமான சுள்ளியின் பட்டையை உரித்து உள்ளே இருக்கும் காய்ந்த பகுதியை எடுப்பது. எல்லாமே சின்ன வேலைகள். இதற்கு 4 அங்குல அலகு போதும், 5 அங்குலம் தாராளம். கனம் 2.5 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அதற்கு மேல் தடித்தால் தக்காளியைக்கூட நசுக்கும்.

அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை போகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்வீடனின் மோரா கம்பானியன் கத்தியில் இரும்பு கடைசி வரை போவதில்லை. அலகு 104 மில்லிமீட்டர் நீளம், 2.5 மில்லிமீட்டர் கனம், பிடி ரப்பர். உலகம் முழுக்கக் காட்டு வேலை செய்கிறவர்கள் அதை நம்பிப் பயன்படுத்துகிறார்கள். விலையும் பகட்டுக் கத்திகளைவிடக் குறைவு. முதல் கத்தி எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நம் ஊர்ப் பட்டறையில் லாரியின் வில் பட்டையை அடித்துச் செய்து தரும் வெட்டுக்கத்தியையும் குறைத்து நினைக்காதீர்கள். பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிரும் வேலைக்காகச் செய்த எஃகு அது. பதம் சரியாக இருந்தால் தலைமுறை தாண்டி உழைக்கும். மலைவாழ் மக்கள் ஒரே கத்தியில் மூங்கில் பிளப்பதிலிருந்து கிழங்கு சீவுவது வரை செய்வதைப் பார்த்தால், நீளமும் பளபளப்பும் எவ்வளவு சின்ன விஷயம் என்று புரியும். ஆனால் அந்த லாவகம் சிறுவயதிலிருந்து வந்தது. பழக்கமில்லாதவர் அரிவாளை வீசினால் அது முழங்காலில்தான் முடியும்.

மடக்குக் கத்திதான் வேண்டும் என்றால் பூட்டு உள்ளதாக வாங்குங்கள். பூட்டில்லாதது குத்தும் வேலையில் மடங்கி விரலில் விழும். சின்னக் கத்தரியும் இடுக்கியும் சேர்ந்த கைக்கருவி பெரும்பாலான நடைகளில் கத்தியைவிட அதிகம் வெளியே வரும். முள் எடுக்க இடுக்கியைப் போல வேறொன்றும் உதவாது.

எஃகைப் பற்றி நீண்ட சண்டை நடக்கும். கார்பன் எஃகு எளிதில் கூராகும், எளிதில் துருவும் பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகுக்குத் தீட்ட இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் ஆனைமலைப் பக்கம் போகிறவர் துருப்பிடிக்காததையே எடுத்துக்கொள்ளட்டும். கார்பன் கத்தி வைத்திருந்தால் வேலை முடிந்ததும் துடைத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தோல் உறைக்குள்ளேயே வாரக்கணக்கில் விடாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

எஃகைவிட முக்கியம் கூர். மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் தேவை, அழுத்தும்போது வழுக்கும், வழுக்கினால் கையில்தான் ஏறும். சாணைக்கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு ஏறாத வளையம் இருக்கும், அதில் தீட்டலாம். உட்கார்ந்து சீவும்போது குச்சியைத் தொடைக்கு மேல் வைத்துச் சீவாதீர்கள். உட்தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால், மலையிலிருந்து கீழே இறக்குவதற்குள் உயிர் போய்விடும். முழங்கையை முழங்காலில் ஊன்றி, வேலையை உடம்புக்கு வெளியே தள்ளி வைத்துச் செய்யுங்கள்.

தீ மூட்டினால் பிழைத்துவிடலாம் என்று நம்புவது

வெளிநாட்டுப் பட்டியல்களில் தீக்குப் பெரிய இடம் உண்டு. பனி உறைந்த காட்டில் அது சரி. இங்கே நிலைமை வேறு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் காய்ந்து நிற்கும் புல்வெளியில் தீ மனிதன் ஓடும் வேகத்தைத் தாண்டிவிடும், அதிலும் சரிவில் மேல்நோக்கி ஏறும்போது இன்னும் வேகம். சரணாலயத்தில் தீ வைப்பதைச் சட்டமும் தடுக்கிறது. மழைக்காலத்தில் சோலைக்காட்டுக்குள் விறகெல்லாம் ஊறிக் கிடக்கும், பழகிய கைக்கே தீ மூட்ட நேரமாகும்.

எனவே உடம்புச் சூட்டைத் துணியால் காப்பாற்றத் திட்டமிடுங்கள். குளிரால் உடம்பு விறைத்துப்போக உறைபனி தேவையில்லை. 10, 15 டிகிரியில் நனைந்து, காற்றிலும் நின்றால் போதும், கொடைக்கானல் மேல்மலையில் இது சாதாரணமாக நடக்கக்கூடியது. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் காயாது, உடம்பின் சூட்டைக் குடித்துவிடும். சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் உடை, நனையாமல் கட்டிய ஒரு மாற்றுச் சட்டை, கம்பளிக் குல்லா, மழைக் கோட்டு, ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய கெட்டி பிளாஸ்டிக் பை ஒன்று, இவ்வளவு இருந்தால் வழி தவறியும் ஓர் இரவைத் தாண்டலாம். தரையில் நேராக உட்காராமல் பையையோ சருகையோ அடியில் போடுங்கள், ஈரத் தரை காற்றைவிட வேகமாகச் சூட்டை இழுக்கும்.

மலை ஓடை சுத்தம் என்று நினைப்பது

தெளிந்து ஓடும் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், மேலே யானையும் காட்டெருமையும் இறங்கிய தண்ணீராகவும் இருக்கலாம். கொதிக்க வைக்க வழியிருந்தால் ஒரு நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்கட்டும், 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். குளோரின் மாத்திரை போட்டால் உறையில் சொன்ன நேரம், பெரும்பாலும் அரை மணி, காத்திருக்க வேண்டும். கலங்கிய தண்ணீரை முதலில் துணியில் வடிகட்டுங்கள், சேறு குளோரினைத் தின்றுவிடும். ஓஆர்எஸ் பொட்டலம் ஒரு லிட்டருக்கு என்றால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் போட்டு ‘ஸ்ட்ராங்’ ஆக்குவது கெடுதல்.

பாம்புக்கடிக்குக் கத்தியை எடுப்பது

இது உயிரைப் பறிக்கும் தவறு. கடிவாயைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, மூன்றுமே வேண்டாம். கண்ணாடி விரியன் விஷம் ரத்தம் உறைவதையே குலைத்துவிடும், அங்கே கீறினால் ரத்தம் நிற்காது. பிளேடும் உறிஞ்சியும் வைத்து விற்கும் ‘பாம்புக்கடிப் பெட்டி’க்குக் காசு கொடுக்காதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது. அதனால் பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம், தூரத்திலிருந்து படம் எடுக்க முடிந்தால் போதும்.

ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சிக்கு உப்பு, மூட்டை கட்டிய புகையிலை, அல்லது அது ஏறாமல் தடுக்க முழங்கால் வரை வரும் காலுறை. கடித்துவிட்டால் நகத்தால் நகர்த்தி எடுத்துக் கழுவினால் போதும்.

தன்னைத் தேடி வருகிறவர்களுக்கு எதுவும் வைக்காமல் போவது

வழி தவறியவரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் தேடி வருகிறவர்கள்தான். அவர்களுக்குக் காதில் விழ ஒரு விசில் வேண்டும். தொண்டை ஒரு மணி நேரத்தில் கட்டிக்கொள்ளும், விசிலுக்கு அந்தக் கவலை இல்லை. மூன்று முறை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று முறை ஊதுவது ஆபத்து அறிவிப்பு. தலையில் மாட்டும் விளக்கு, மாற்று பேட்டரி, பவர் பேங்க். சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே தீர்ந்துபோகும், ஏரோப்ளேன் மோடில் போட்டு வையுங்கள். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் 112ஐ முயன்று பாருங்கள், வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாகக் கிடைக்கலாம்.

சிலர் வெளிநாட்டிலிருந்து சாட்டிலைட் போனோ செய்தி அனுப்பும் கருவியோ வாங்கி வருகிறார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளே கைதாகியிருக்கிறார்கள்.

கடைசியாக, இவ்வளவையும் ஒரே பையில் போட்டுவிட்டுப் பையை எங்கோ இறக்கி வைப்பது. ஓடையைக் கடக்கும்போதோ யானையைக் கண்டு ஓடும்போதோ முதலில் போவது பைதான். விசில் கழுத்தில் தொங்கட்டும். விளக்கு, பெரிய பிளாஸ்டிக் பை, தண்ணீர் மாத்திரை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து ஆகியவை சட்டை, கால்சட்டைப் பைகளில் இருக்கட்டும். அனுமதி பெற்ற கத்தி உறையோடு இடுப்பில் இருக்கலாம். போகும் பாதை, உடன் வருகிறவர்கள், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் வனச்சரக அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த அலுவலகத்தின் போன் எண்ணையும் அதே தாளில் எழுதுங்கள்.