ஏற்காடு ஏரியில் ஆடாத படகு மேட்டூரில் ஆடும்: சிறு படகு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் பக்கம் சிறு படகு வாங்க நினைப்பவர்களில் பலருக்குப் படகுப் பழக்கம் ஏற்காடு ஏரியில் தொடங்கியிருக்கும். சிறிய ஏரி அது, சுற்றிலும் மரமும் மேடும். காற்று ஓடி அலை கிளப்ப அங்கே இடமில்லை. மேட்டூர் அணை அப்படியல்ல. 120 அடிக்குத் தண்ணீர் நின்றால் நீர்ப்பரப்பு ஏறக்குறைய 150 சதுர கிலோமீட்டர். ஆடிக்காற்று வீசும் நாளில், மதியத்துக்கு மேல் பண்ணவாடித் துறையில் நின்று பாருங்கள். அலை முழங்கால் உயரம்தான் இருக்கும். ஆனால் ஒன்று போய் படகு நிமிர்வதற்குள் அடுத்தது வந்து அறையும். தடையில்லாமல் காற்று ஓடும் தூரம் கூடக்கூட அலை வளரும். ஆழம் குறைந்த ஓரங்களில் அது இன்னும் செங்குத்தாக எழும். பாக் விரிகுடாவின் ஆழமில்லாத தண்ணீரிலும் காற்று ஏறினால் இதே கதைதான். நீண்டு புரளும் பேரலையைவிட இந்தக் குட்டை அலைதான் சிறு படகை அதிகம் படுத்துகிறது.

வாங்கும்போது நடக்கும் முதல் தவறு, கரையோரம் கட்டிக் கிடக்கும் படகில் ஏறி நின்று, ஆடவில்லை என்றதும் விலை பேசுவது. தட்டையான அடி கொண்ட படகு அமைதியான தண்ணீரில் தரைபோல நிற்கும். அலை பக்கவாட்டில் வந்தால், அந்த அடி அலையின் சரிவோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். சரிவு எவ்வளவோ அவ்வளவு படகும் சாயும், மறுநொடியே எதிர்ப்பக்கம் வெட்டி இழுக்கும். கூரான அடி கொண்ட படகு நேர் எதிர். ஏறியதும் கொஞ்சம் ஆடும், புதிதாக ஏறுபவருக்குப் பயமாகக்கூட இருக்கும். சாயச் சாய அதன் பக்க விளிம்பு தண்ணீரில் அழுந்தி, ஒரு கட்டத்துக்கு மேல் சாயாமல் பிடித்துக்கொள்ளும். அலையில் நம்மைக் காப்பது அந்தப் பிடிப்பு. அதனால் விளிம்பில் ஒருவரை உட்காரவைத்து, இன்னொருவரையும் மெதுவாக அதே பக்கம் நகரச் சொல்லுங்கள். சாய்வு தொடங்கிய பிறகு படகு எதிர்த்து நிற்கிறதா, விட்டுக்கொடுத்துக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, முழங்கால் ஆழத் தண்ணீரில் செய்ய வேண்டிய சோதனை இது. அடி முன்பக்கம் கூராகவும் பின்னோக்கி வரவரத் தட்டையாகவும் அமைந்த ஃபைபர் படகு, நம் அணைத் தண்ணீருக்கு நல்ல நடுவழி என்பது என் கருத்து.

நீளத்தைப் பார்த்து மயங்குவது அடுத்தது. "பதினாலடி படகு" என்று சொல்லித்தான் விற்பார்கள், அகலம் எத்தனை என்று கேட்பவர் குறைவு. பக்கவாட்டுச் சாய்வை எதிர்ப்பதில் நீளம் ஒரு மடங்கு உதவினால், அகலம் மும்மடிப் பெருக்கமாக (அகலம் × அகலம் × அகலம்) உதவும். 1.2 மீட்டர் அகலத்தை 1.5 ஆக்கினால் அந்த எதிர்ப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அளக்கும்போது மேல் விளிம்பில் டேப்பை வைக்காதீர்கள். ஆட்கள் ஏறியபின் தண்ணீர் தொடும் இடத்தில் என்ன அகலம் என்பதே கணக்கு.

பரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. காவிரியில் தலைமுறை தலைமுறையாக ஓடும் பரிசலை யாரும் குறைத்துப் பேச வேண்டாம், பாறை மண்டிய ஆழமில்லாத ஆற்றுக்கு அதைவிடப் பொருத்தமான கலம் கிடையாது. ஆனால் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. திறந்த நீரில் காற்று தள்ளும் பக்கம் போகும், சுழலும். பழகிய கைக்கு அதை அடக்கத் தெரியும். பரிசல்காரர் போகிறாரே என்று புதியவர் அதே காற்றில் இறங்கக் கூடாது.

வெறும் படகின் பக்க உயரத்தைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. எஞ்சின், பெட்ரோல் கேன், வலை, ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை சாண் மிச்சம் என்று பாருங்கள். குறிப்பாகப் பின்பக்கம். 8 அல்லது 10 குதிரைத்திறன் எஞ்சின் ரகத்தைப் பொறுத்து 30, 40 கிலோ, சில அதற்கும் மேலே. அதோடு ஓட்டுபவரும் பின்னாலேயே உட்காருகிறார். வேகத்தைக் குறைத்ததும் படகின் பின்னால் வரும் சொந்த அலையே எஞ்சின் மாட்டும் பலகையைத் தாண்டி உள்ளே கொட்டும். பெரிய எஞ்சின் போட்டால் அலையைச் சமாளிக்கலாம் என்பது இங்கேதான் தலைகீழாகிறது.

உள்ளே வந்த தண்ணீரை "கொஞ்சம்தானே" என்று விடுவதுதான் நான் பார்த்ததில் மிக ஆபத்தான பழக்கம். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத் தரையில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 150 லிட்டர், அதாவது 150 கிலோ. பாதம் நனையும் அளவுதான். ஆனால் படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அத்தனை எடையும் ஓடிச் சேரும். இரண்டு ஆட்கள் ஒரே பக்கம் தாவியதுபோல ஆகிவிடும். ஆகவே அள்ளிக் கொட்ட ஒரு வாளி கயிற்றில் கட்டியே இருக்க வேண்டும், தண்ணீர் பக்கம் மாறி ஓடாதபடி படகின் நீளவாக்கில் தடுப்புகள் இருந்தால் இன்னும் நல்லது.

ஃபைபர் மிதக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. உள்ளே நுரைப்பொருள் அடைக்காத ஃபைபர் படகு, தண்ணீர் நிறைந்தால் எஞ்சினோடு முழுகும். நுரை எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். தரைக்கு அடியில் மட்டும் அடைத்திருந்தால், நிறைந்த படகு குப்புறக் கவிழப் பார்க்கும். பக்கச் சுவர்களில் மேலே வரை அடைத்திருந்தால் முழுகியும் நிமிர்ந்தே மிதக்கும், பிடித்துக்கொண்டிருக்க ஓர் இடம் கிடைக்கும்.

அணையில் மீன் பிடிக்க மீன்வளத் துறை உரிமம் வேண்டும், படகுக்குப் பணம் கட்டுமுன் அதை விசாரித்துவிடுங்கள். விற்பவரிடம் காற்றுள்ள ஒரு மதியத்தில், முழுச் சுமையோடு, கரையை ஒட்டியே ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அலைக்கு நேராகவும் குறுக்காகவும் மெதுவாகப் போய்ப் பாருங்கள், எஞ்சினை அணைத்துவிட்டு அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்றும் கவனியுங்கள். காலை ஆறு மணிக்கு, கண்ணாடித் தண்ணீரில்தான் காட்டுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் வேறு படகு பாருங்கள்.