பாய் விற்கும் இணையதளம்: வந்தவர் நின்று பார்க்க என்ன செய்யலாம்

பத்தமடைப் பாய் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணத்துக்குப் பாய் தேடி போனில் உங்கள் பக்கத்தைத் திறப்பவருக்குத் தெரிய வேண்டியவை இவைதான்: என்ன அளவு, என்ன விலை, மாப்பிள்ளை பெண் பெயர் நெய்து தருவீர்களா, எத்தனை நாளில் கைக்கு வரும். நான்கும் முதல் திரையிலேயே தெரிய வேண்டும். ஓடும் பேனரும் ‘எங்களைப் பற்றி’யும் கீழே போகட்டும். ‘விலைக்கு அழைக்கவும்’ என்று தயவுசெய்து போடாதீர்கள். விலை தெரியாமல் போன் செய்யத் தயங்குபவர்கள்தான் அதிகம். அவர்கள் அடுத்த கடையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அளவுக்கேற்ப விலை மாறுமென்றால் அளவுவாரியாக ஒரு சின்ன அட்டவணை போதும்.

அடுத்தது வேகம். முதல் திரையின் பெரிய படம் 2.5 வினாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. கேமராவில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றுவதால்தான் பெரும்பாலும் இது கெடுகிறது. அகலத்தை 1200 பிக்சலாக்கி, கோப்பின் எடையைக் குறைக்கும் வெப்பி (WebP) வடிவத்தில், தரம் 75 வைத்துச் சேமியுங்கள். கோரை இழை மங்கினால் 80 ஆக்கலாம். கீழே உள்ள படங்களுக்கு லேசி லோடிங் வையுங்கள்; அதாவது, பார்ப்பவர் அந்த இடத்தை நெருங்கும்போதுதான் படம் இறங்கும். முதல் படத்துக்கு வைத்தால் அதுவே தாமதமாகும். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் நிரலில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் படம் வந்து விழும்போது எழுத்தெல்லாம் கீழே தள்ளப்பட்டு, தொட நினைத்த பொத்தான் விரலுக்குத் தப்பிவிடும்.

படம் எடுப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. முழுப் பாயும் விரித்தபடி ஒன்று. ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, இழைகளை எண்ணிப் பார்க்கும் அளவுக்குக் கிட்டத்தில் ஒன்று. பட்டுப்பாயை, அதாவது பட்டுப் போல மென்மையாக நெய்த கோரைப் பாயை, மடித்துக் கையில் பிடித்தபடி இன்னொன்று. பட்டுப்பாய்க்கு ஏன் இந்த விலை என்ற கேள்வி அங்கேதான் எழும். ஊறவைத்த கோரையை மெல்லிசாகக் கீறிப் பருத்திப் பாவில் நெய்வதை 30 வினாடி வீடியோவாக அதன் கீழேயே வையுங்கள். தொட்டால் மட்டும் ஓட வேண்டும். தானாகச் சத்தத்தோடு ஓடினால் பக்கத்தையே மூடிவிடுவார்கள். வந்தவுடன் திரையை மறைக்கும் பாப்அப்பும் அப்படித்தான்.

வாட்ஸ்அப் பொத்தான் 48 பிக்சல் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். இணைப்பில் எண்ணுக்கு முன் 91 வர வேண்டும். கூட்டல் குறி, இடைவெளி, முன் சுழியம் எதுவும் வேண்டாம். ‘4க்கு 6 பட்டுப்பாய் பற்றிக் கேட்க வேண்டும்’ என்று செய்தியை முன்கூட்டியே நிரப்பி வைத்தால், அவர் அனுப்பும் பொத்தானைத் தொட்டாலே போதும்.

வந்தவர்கள் பக்கத்தில் என்ன செய்தார்கள் என்று கணக்குக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸில், ஒருவர் 10 வினாடிக்கு மேல் இருந்தாலே ஈடுபாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். அதை மட்டும் நம்பாமல், வாட்ஸ்அப் பொத்தானைத் தொடுவதை அதிலேயே முக்கிய நிகழ்வாக (key event) குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் பார்த்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். சோதிக்கும்போது கடையின் வைஃபையை அணைத்துவிட்டு, குறைந்த விலை போனில், களக்காடு பக்கம் சிக்னல் இளைத்த இடமாகப் பார்த்துத் திறந்து பாருங்கள்.