ஐம்பதுக்குப் பின் உடம்பை வருத்தாத லாரி வேலை: நெல்லைப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு ஒரு படிப்படியான விளக்கம்

ஐம்பது வயதைக் கடந்த லாரி ஓட்டுநர் ஒருவர் முழங்கால் வலிக்கிறது, முதுகு பிடிக்கிறது என்று சொன்னால், "வண்டியை விட்டுவிட்டு எங்காவது வாட்ச்மேன் வேலைக்குப் போங்கள்" என்பதே பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கும் யோசனை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாழ்நாளெல்லாம் பழகிக் கைவந்த தொழிலை அவ்வளவு எளிதாக விட்டுவிடத் தேவையில்லை. ஸ்டியரிங் பிடிப்பதைக் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள வேலைகளே உடம்பை அதிகம் தேய்க்கின்றன: தார்ப்பாய் போடுவது, கயிறு இறுக்குவது, ஆள் குறைந்த இடத்தில் மூட்டைக்குத் தோள் கொடுப்பது, இரவெல்லாம் விழித்திருப்பது. இவை குறைந்த வேலை எது என்று கண்டுபிடித்து, அதற்கு மாறுவதற்கான வழியைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த வேலை வலிக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

"உடம்பு முடியவில்லை" என்ற பொதுவான பேச்சு வேலை தேடுவதற்கு உதவாது. ஒரு வாரம் சிறிய நோட்டில் குறித்து வாருங்கள். கிளட்ச் மிதிக்கும்போது இடது முழங்கால் வலிக்கிறதா, கேபினிலிருந்து இறங்கும்போது வலிக்கிறதா, கயிறு இழுத்த மறுநாள் தோள் தூக்க முடியவில்லையா, நீண்ட நேரம் உட்கார்ந்தால் இடுப்பு மரத்துப்போகிறதா? கிளட்ச் தொந்தரவுக்கு வேறு வண்டி போதும். கயிறு தொந்தரவுக்கு வேறு சரக்கு வேண்டும். இடுப்புத் தொந்தரவுக்கு ஒரே நடையில் வண்டி ஓட்டும் தூரத்தைக் குறைக்க வேண்டும். மூன்றும் வேறு வேறு தீர்வுகள்.

கூடவே ஒரு முழு மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சரக்கு வாகன உரிமத்தைப் புதுப்பிக்கப் படிவம் 1-ஏ என்னும் மருத்துவச் சான்று கட்டாயம். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் எண் பலகையை உங்களால் வாசிக்க முடிகிறதா என்பது அதில் உள்ள கேள்விகளுள் ஒன்று. கண்புரை மெல்லத்தான் வளரும் என்பதால், எதிரே வரும் வண்டியின் விளக்கு முன்பைவிட அதிகம் கூசுகிறது என்று தோன்றினாலே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலோ திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையிலோ காட்டிவிடுவது நல்லது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், நேரத்துக்குச் சாப்பிட முடியாத வேலையை முதலிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். சர்க்கரை திடீரென இறங்கினால் கண் இருட்டும். கை ஸ்டியரிங்கில் இருக்கும்போது அது நேரக் கூடாது.

இரண்டாம் படி: உரிமத்தைச் சரிபாருங்கள்

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சரக்கு வாகன உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். காலாவதியாகும் தேதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடியும் ஆர்.டி.ஓ. முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டியிருக்கும். விண்ணப்பம் சாரதி இணையதளத்தில்தான் தொடங்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் பிள்ளைகளிடமோ இ-சேவை மையத்திலோ உதவி கேளுங்கள்.

கனரக உரிமம் வேண்டாம், சிறிய வண்டி போதும் என்று நினைப்பவர்களுக்கும் வழி உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகுரக வாகன உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. ஆகவே குட்டியானை, பிக்அப் போன்ற வண்டிகளுக்கு அந்த உரிமமே போதும்.

மூன்றாம் படி: நம் பக்கத்தில் உள்ள வேலைகளை உடம்பின் கண்ணால் பாருங்கள்

தார்ப்பாய் போடும் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். லோடு ஏற்றுவதற்கு ஆள் வருவார்கள். ஏற்றி முடித்ததும் அவர்கள் போய்விடுவார்கள். அதன்பின் ஓட்டுநர்தான் பின்பக்கத்துக் கொக்கியில் கால் வைத்து மேலே ஏறி, மடித்த தார்ப்பாயை விரித்து, காற்று பிடுங்காமல் முழங்காலால் அழுத்திக்கொண்டே நகர்ந்து, கீழே இறங்கி, கயிற்றை மறுபக்கம் வீசி, உடம்பின் முழு எடையையும் போட்டு இழுத்துக் கொக்கியில் முடிச்சிட வேண்டும். முன்பு கிளீனர் இருந்தார். இப்போது பல வண்டிகளில் ஓட்டுநர் ஒருவரே. மழையில் நனைந்த தார்ப்பாயை ஒற்றை ஆளாக மடித்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். லோடின் உச்சியிலிருந்து வழுக்கி விழுந்தால், ஐம்பதுக்கு மேல் எலும்பு கூடுவதற்கு மாதக் கணக்காகும். எனவே திறந்த பாடி வண்டியில் உப்பு, சிமென்ட் மூட்டை, வாழைத்தார், வைக்கோல் ஏற்றும் வேலைகளிலிருந்து விலகுவதே முதல் நன்மை.

அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருப்பது கன்டெய்னர் டிரெய்லர். கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர், சோலார் தகடு போன்றவற்றைத் தயாரிக்கும் ஆலைகள் உள்ளன; தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகமோ நெல்லையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான், நான்குவழிச் சாலை. பெட்டியைக் கிரேன் வைக்கும், கிரேனே எடுக்கும். நான்கு மூலைகளிலும் உள்ள பூட்டைத் திருப்பிவிட்டு, சீல் எண்ணைக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் கைவேலை முடிந்தது. குறை என்னவென்றால் காத்திருப்பு. துறைமுக வாசலில் வரிசை நீண்டால் சாப்பாடும் தூக்கமும் தள்ளிப்போகும். டிரெய்லரைப் பின்னால் எடுத்துப் பழகாதவர்கள் ஐம்பத்தைந்துக்கு மேல் இதைத் தொடங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஏற்கெனவே பழகியவர்களுக்கு இதைப் போல் தோதான வேலை குறைவு.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு நல்ல வேலையைப் பலர் கவனிப்பதில்லை. முக்கூடல், ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி கம்பெனிகளின் வேன்கள் ஊர் ஊராகப் போய் இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கி வருகின்றன. சரக்கு கனமில்லாதது, பாதை தெரிந்தது, இரவு வீட்டில் படுக்கலாம். சம்பளம் லாரியைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் மருந்துச் செலவும் அலுப்பும் குறைவதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பால் வண்டியில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டேங்கரில் குழாயை மாட்டிக் கழற்றுவதோடு வேலை முடியும். பாக்கெட் பால் வேனிலோ விடியுமுன் கடை கடையாக நிறுத்தி, ஆள் வராத அன்று டப்புகளை நீங்களே இறக்க நேரும். பெட்ரோல், டீசல் டேங்கருக்கு அபாயகரப் பொருள் பயிற்சிச் சான்று வேண்டும், அந்த வண்டிகளை ஓட்டும் உரிமமும் 3 ஆண்டுகளுக்கு மட்டுமே. மூட்டை கட்டாத சிமென்டை மூடிய தொட்டியில் கொண்டுபோகும் பல்கரில் தார்ப்பாய் இல்லை என்றாலும், மூடியைத் திறக்க ஏணி ஏறும் வேலை ஓட்டுநர் தலையில் விழும் இடங்கள் உண்டு; முழங்கால் வலிக்காரர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டிப்பரில் ஹைட்ராலிக் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நம்பி வருபவர்கள் குவாரிப் பாதையின் குலுக்கலை மறந்துவிடுகிறார்கள். முதுகெலும்பில் தேய்மானம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். நயினார்குளம் மார்க்கெட்டுக்கும் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கும் போகும் காய்கறி வண்டிகளில் தூரம் குறைவுதான், ஆனால் வேலை நடு இரவில்.

ஆலை வளாகத்துக்குள்ளேயே வண்டிகளை இடம் மாற்றி நிறுத்தும் வேலையும், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கனரக வண்டி கற்றுக்கொடுக்கும் வேலையும் சாலை அலைச்சல் குறைந்தவை. பயிற்சியாளராக வேண்டுமானால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, மோட்டார் மெக்கானிக் சான்று, 5 ஆண்டு ஓட்டிய அனுபவம் ஆகியவை கேட்கப்படும்.

நான்காம் படி: வண்டியைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்

வேலை நல்லதாக இருந்து வண்டி மோசமாக இருந்தால் பயனில்லை. பவர் ஸ்டியரிங் இருக்கிறதா, கிளட்ச் எவ்வளவு கடினம், இருக்கை முன்னும் பின்னும் நகர்கிறதா, ஏறும் படியும் கைப்பிடியும் உறுதியாக உள்ளனவா என்று நீங்களே ஏறி உட்கார்ந்து பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த வண்டிகள் பொதுவாக இந்த வகையில் மேல். 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயமாக்கப்பட்டுள்ளது, சித்திரை வெயிலில் வண்டி ஓட்டுபவருக்கு இது சொகுசு இல்லை, அத்தியாவசியம். உயரமான மூடிய பாடி வண்டியாக இருந்தால், ஆனி, ஆடிக் காற்றுக் காலத்தில் வள்ளியூருக்குத் தெற்கே பணகுடி, காவல்கிணறு பக்கம் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள். காலியாக வரும்போது அது இன்னும் கடுமை.

ஐந்தாம் படி: சம்பளத்துக்கு முன் வேலையைக் கேளுங்கள்

"உடம்புக்கு அலுப்பே கிடையாது அண்ணாச்சி" என்று முதலாளி சொல்வதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். வண்டி நிற்கும் நேரத்தில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். இறக்கும் இடத்தில் லோடுமேன் யார் ஏற்பாடு, தார்ப்பாய் உண்டா, வழியில் பஞ்சர் ஆனால் டயரைக் கழற்றுவது யார், மாதத்தில் எத்தனை இரவு வெளியே தங்க வேண்டும், பேட்டா காத்திருக்கும் நாளுக்கும் உண்டா? அதே கம்பெனியில் ஏற்கெனவே ஓட்டும் ஒருவரை டீக்கடையில் பிடித்து இதே கேள்விகளைக் கேட்டு, இரண்டு பதில்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதற்கு முன் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. நடைமுறையில் இப்படிப்பட்ட வரையறைகள் எத்தனை இடங்களில் காற்றில் பறக்கின்றன என்பதை ஓட்டுநர்கள் அறிவார்கள். இருந்தாலும் அந்த எண்களைத் தெரிந்துவைத்துப் பேசுபவருக்கு ஓரளவு மரியாதையான பதில் கிடைக்கிறது.

ஆறாம் படி: ஓய்வுக்கால வரவைப் பாருங்கள்

பி.எஃப். பிடித்த வேலைகள் எல்லாம் சேர்ந்து 10 ஆண்டு சேவை ஆகியிருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிடும். உங்களுக்கு ஓரிரு ஆண்டுகளே குறைந்தால், சம்பளம் சற்றுக் குறைவானாலும் பி.எஃப். பிடிக்கும் கம்பெனியையே தேர்ந்தெடுங்கள்; பழைய கணக்குகளை யு.ஏ.என். என்னும் ஒரே பொது பி.எஃப். எண்ணில் சேர்க்கவும் மறக்காதீர்கள். பி.எஃப். இல்லாதவர்கள் தமிழ்நாடு அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் 60 வயது நிறைவதற்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஏழாம் படி: வெள்ளோட்டம்

முதல் மாதத்தை இருதரப்புக்கும் சோதனை மாதமாகப் பேசிக்கொள்ளுங்கள். பழைய முதலாளியிடம் சண்டையிட்டு வெளியேறாமல் விடுப்பாகச் சொல்லிவிட்டு வந்தால் திரும்பும் கதவு திறந்திருக்கும். முதல் படியில் எழுதிய நோட்டை மறுபடி எடுத்து, அதே வலிகளைப் புதிய வேலையில் குறித்து வாருங்கள். வலி குறையவில்லை என்றால், வேலையை விடுவதற்கு முன் வண்டியையோ பாதையையோ மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அனுபவமுள்ள, குடிக்காத, சரக்கைச் சிந்தாமல் கொண்டுசேர்க்கும் ஓட்டுநர் கிடைப்பது அரிது என்பதை வண்டி வைத்திருப்பவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். ஆகவே தயங்காமல் கேட்கலாம்.