சுவிட்சுக்கு ஐபி கொடுப்பது எப்படி?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி கிளையில் நெட்வொர்க் சுவிட்சின் ஒரே ஒரு போர்ட்டின் (கேபிள் செருகும் துளை) அமைப்பை மாற்ற, ஒயிட்ஃபீல்டிலிருந்து சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து போக வேண்டாம். அங்குள்ள சுவிட்சுக்கு ஐபி (நெட்வொர்க் முகவரி) இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே வேலை முடியும்.

லேயர் 2 சுவிட்ச் (ரூட்டிங் செய்யாத சாதாரண சுவிட்ச்) ஒவ்வொரு கருவிக்கும் உள்ள மேக் முகவரியைப் பார்த்தே ஃபிரேம்களை (டேட்டா துண்டுகளை) அனுப்பிவிடும். அதற்கு ஐபி வேண்டியதில்லை. இந்த ஐபி நாம் உள்ளே நுழைவதற்கு மட்டும். அதனால் இதை போர்ட்டில் போடாமல் விலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) இன்டர்ஃபேஸில் போடுகிறோம்.

முதல் தடவை பொதுவாகக் கன்சோல் கேபிள் (கணினியை நேரே சுவிட்சோடு இணைப்பது) வேண்டும். எஸ்.பி. ரோட்டில் யூஎஸ்பி கன்சோல் கேபிள் கிடைக்கும். புட்டி (PuTTY) என்ற மென்பொருளில் சீரியலைத் தேர்ந்தெடுத்து வேகம் 9600, டேட்டா பிட் 8, ஸ்டாப் பிட் 1 வையுங்கள். பாரிட்டி, ஃப்ளோ கன்ட்ரோல் இரண்டும் வேண்டாம். எழுத்துகள் கிறுக்கலாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவரைப் பாருங்கள்; மலிவு கேபிள்களில் வரும் போலி சிப்பைப் புது டிரைவர் ஏற்காது.

'எனேபிள்', 'கான்ஃபிகர் டெர்மினல்' கொடுத்த பிறகு இவை. சிஸ்கோ ஐஓஎஸ் கட்டளைகள். டைப் செய்வது ஆங்கிலத்தில்தான்.

விலான் 99
இன்டர்ஃபேஸ் விலான் 99
ஐபி அட்ரஸ் 192.168.99.11 255.255.255.0
நோ ஷட்டவுன்
எக்ஸிட்
ஐபி டிஃபால்ட்-கேட்வே 192.168.99.1

டிஎச்சிபி (ஐபியைத் தானாக வழங்கும் சேவை) வரம்புக்குள் இருக்கும் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். என்றாவது ஒரு நாள் யாருடைய லேப்டாப்புக்கோ அதே எண் போய்ச் சேரும்.

'டூ ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்' போட்டுப் பாருங்கள். விலான் 99 'டவுன்' என்றே நின்றால், அந்த விலானில் உயிருள்ள போர்ட் ஒன்றுகூட இல்லை என்று பொருள். ஒரு போர்ட்டை அதில் சேருங்கள், அல்லது அப்லிங்க் டிரங்கில் (பல விலான்களைச் சுமந்து அடுத்த சுவிட்சுக்கோ ரூட்டருக்கோ போகும் இணைப்பு) அனுமதியுங்கள்: 'சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலான் ஆட் 99'. இதில் 'ஆட்' விட்டுப்போனால் பழைய பட்டியல் அழிந்து 99 மட்டும் மிஞ்சும். மொத்தக் கிளையும் படுத்துவிடும்.

பக்கத்து கணினிக்கு பிங் (தொடர்பைச் சோதிக்கும் கட்டளை) போகிறது, வேறு சப்நெட்டுக்குப் (வேறு ஐபி வரிசை கொண்ட நெட்வொர்க்) போகவில்லையா? கேட்வேயை (வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் ரூட்டர்) சரிபாருங்கள். 'ஐபி ரூட்டிங்' (சுவிட்சே சப்நெட்டுகளுக்கு இடையே வழிகாட்டுவது) ஓடும் சுவிட்சில் டிஃபால்ட்-கேட்வே கட்டளை எடுபடாது, டிஃபால்ட் ரூட் எழுத வேண்டும். பிங்கில் முதல் பாக்கெட் மட்டும் தவறினால் கவலை வேண்டாம், ஏஆர்பி (ஐபிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்டறிவது) தேடிய நேரம் அது.

தூரத்திலிருந்து நுழைய டெல்நெட் வேண்டாம், கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே ஒயரில் போகும். மறையாக்கத்தோடு நுழைய உதவும் எஸ்எஸ்எச்-க்கு ஹோஸ்ட்நேம், டொமைன்நேம், யூசர்நேம் வைத்துவிட்டு:

கிரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ மாடுலஸ் 2048
ஐபி எஸ்எஸ்எச் வெர்ஷன் 2
லைன் விடிஒய் 0 15
டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்
லாகின் லோக்கல்

'எண்ட்' கொடுத்து வெளியே வந்ததும் சேமிக்க 'ரைட் மெமரி'. மறந்தால் அடுத்த கரண்ட் கட்டோடு எல்லாம் போய்விடும்.

பின்னாளில் தூரத்திலிருந்தே ஐபியை மாற்ற நேர்ந்தால், சேமித்துவிட்டு முதலில் 'ரீலோட் இன் 10' கொடுங்கள். தொடர்பு அறுந்தால் 10 நிமிடத்தில் சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆகிப் பழைய ஐபியோடு வரும். சரியாக அமைந்தால் 'ரீலோட் கேன்சல்', பிறகு 'ரைட் மெமரி'.